பி.சி.ஆர் எவ்வளவு டாக்டர்? ஆப்ஷன் டேட்டாவை வைத்து நாடி பார்ப்பவர்களுக்கு ஒரு நீண்ட பதில்

2020, 2021-ல் பி.சி.ஆர் என்றால் மூக்கில் குச்சி விட்டு எடுக்கிற கொரோனா பரிசோதனை. இன்றைக்குப் பட்டுக்கோட்டையில் இருபத்தைந்து வயசுப் பையன்கள் டீக்கடையில் பி.சி.ஆர் என்று பேசிக்கொண்டால் அது வேற சமாச்சாரம். புட் கால் ரேஷியோ. "மார்க்கெட்டோட மூடு என்னன்னு பி.சி.ஆர் பார்த்தா தெரிஞ்சிடும் சார்" என்கிறார்கள்.

முதல் பி.சி.ஆருக்கு எந்த லேப், எந்த கிட், எத்தனை பேருக்குத் தப்பாக வரும் என்று டாக்டரையே குறுக்கு விசாரணை செய்த மக்கள் நாம். இரண்டாவது பி.சி.ஆரை மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் நம்புகிறோம். அதை நம்பி நகைக்கடன் வாங்குகிறோம். என் கோபமெல்லாம் இதன் மேல்தான்.

போன வாரம் இதைப் பற்றி நாலு வரி எழுதினேன். "நீங்க ஊசி போடுற வேலையைப் பாருங்க டாக்டர்" என்று வரிசையாகப் பதில்கள். சரிங்க, அந்த வேலையையே பார்க்கிறேன். ஒரு பரிசோதனை எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்று பிரித்துப் பார்ப்பது எனக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்ட தொழில். கொஞ்சம் நீளும். பொறுமையா படிங்க.

முதலில், இந்த ஆட்டம் தெரியாத பெற்றோர்களுக்காக. தெரிந்தவர்கள் இரண்டு பத்தி தாண்டிப் போகலாம்.

தென்னந்தோப்புக்கு வியாபாரி வருகிறார். "அடுத்த மாசம் காய் இந்த விலைக்கு எடுத்துக்கிறேன்" என்று பேசி அச்சாரம் கொடுத்துவிட்டுப் போகிறார். விலை ஏறினால் வந்து பேசிய விலைக்கு எடுப்பார். இறங்கினால் அந்தப் பக்கமே வர மாட்டார், அச்சாரம் தோப்புக்காரருக்கு. இந்த அச்சாரம்தான் 'கால்' ஆப்ஷனின் பிரீமியம். 'புட்' ஆப்ஷன் பயிர்க் காப்பீடு மாதிரி. விலை விழுந்தால் பணம் வரும், விழாவிட்டால் கட்டின பிரீமியம் போச்சு. தோப்பு வைத்திருப்பவர் காப்பீடு எடுப்பதில் ஒரு தப்பும் கிடையாது. தோப்பே இல்லாதவர்கள் அடுத்தவர் தோப்புக்கு வாராவாரம் காப்பீடு வாங்கி விற்பதுதான் இப்போது நடக்கிறது. தோப்புக்குப் பதிலா நிஃப்டி. செவ்வாய்க்கிழமை எக்ஸ்பைரி, அதாவது காலாவதி. அன்று மாலை மூன்றரை மணிக்கு முக்கால்வாசி அச்சாரம் பூஜ்யம்.

இப்படித் தீர்க்காமல் நிலுவையில் இருக்கும் ஒப்பந்தங்களின் எண்ணிக்கைதான் ஓப்பன் இன்ட்ரஸ்ட், சுருக்கமா ஓ.ஐ. புட் ஓ.ஐ-யைக் கால் ஓ.ஐ-யால் வகுத்தால் பி.சி.ஆர். இதுபோக மேக்ஸ் பெயின் என்று ஒன்று, இந்தியா விக்ஸ் என்று ஒன்று. இந்த நாலையும் கலர் கலரா ஒரு திரையில் போட்டு, "கூட்டத்தோட மனசு இதுதான் நண்பர்களே" என்று காலை ஒன்பது மணிக்கு நேரலையில் பேசுகிறார்கள்.

கூட்டத்தோட மனசாம். பார்ப்போம்.

ஒரு ஆப்ஷன் ஒப்பந்தம் உருவாக இரண்டு பேர் வேண்டும். வாங்க ஒருவர், விற்க ஒருவர். விலை விழும் என்று பயந்து ஒருவர் புட் வாங்கினால், விழாது என்ற தைரியத்தில் இன்னொருவர் அதை விற்றிருக்கிறார். ஓ.ஐ ஒன்று கூடியது. அது பயமா? தைரியமா? இரண்டும் சம அளவு. ஒரு கோடி புட் நிலுவையில் இருந்தால் ஒரு கோடி பயமும் ஒரு கோடி தைரியமும் இருக்கிறது என்றுதான் பொருள். எண் ஒன்றுதான், மனசு இரண்டு.

அதனால்தான் பி.சி.ஆர் 1.5 என்று வந்தால் ஒரு சேனலில் "புட் ரைட்டர்கள் ஸ்ட்ராங்கா உட்கார்ந்திருக்காங்க, மார்க்கெட் ஏறும்" என்கிறார்கள். அதே நிமிஷம் இன்னொரு சேனலில் "ஓவர்பாட், இதுக்கு மேல தாங்காது, இறங்கும்" என்கிறார்கள். பழைய அமெரிக்கப் புத்தகங்களைப் புரட்டினால் மூன்றாவது விளக்கம் இருக்கும்: நிறைய பேர் புட் வாங்குகிறார்கள் என்றால் கூட்டம் பயந்துவிட்டது, கூட்டம் பயந்தால் எதிர்ப்பக்கம் போ. நான் ஒரு ரத்தப் பரிசோதனை சீட்டைக் காட்டி, "இந்த எண்ணுக்கு உங்களுக்கு ரத்தசோகை இருக்கு, அல்லது ரத்தம் அதிகமா இருக்கு, நாளைக்குத் தெரியும்" என்று சொன்னால் ஃபீஸ் கொடுப்பீர்களா?

இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். "டாக்டர், ஓ.ஐ-யை மட்டும் பார்க்கக் கூடாது. விலையோட சேர்த்துப் பார்க்கணும். பிரீமியம் ஏறி ஓ.ஐ ஏறினா வாங்குறவன் கை ஓங்கியிருக்கு, பிரீமியம் இறங்கி ஓ.ஐ ஏறினா விக்கிறவன் கை." கேட்க நியாயமா இருக்கு. ஆனால் நிஃப்டி அசைந்தாலே பிரீமியம் அசையும், நேரம் போகப் போக அதுவே கரையும், நாளைக்கு ரிசர்வ் வங்கி அறிவிப்பு என்றால் தானே வீங்கும். யார் கை ஓங்கியது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாமல் இத்தனையும் நடக்கும். காய்ச்சலுக்கு நூறு காரணம் இருக்கும்போது தெர்மாமீட்டரைப் பார்த்து டைஃபாய்டு என்று எழுதிக் கொடுக்கிற வேலை இது.

அடுத்தது, 'எதற்காக' என்ற கேள்வி. எனக்கு இதுதான் முக்கியம்.

2018 நவம்பர் 16. கஜா. நம்ம பகுதிக்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அந்த சம்பா பருவத்தில் டெல்டாவில் எத்தனை பேர் பயிர்க் காப்பீடு கட்டியிருந்தார்கள் என்ற எண்ணிக்கை உங்கள் கையில் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வைத்து "விவசாயிகள் பயந்துட்டாங்க, புயல் வரப்போகுது" என்று சொல்லியிருக்க முடியுமா? முடியாது. ஏனென்றால் அப்போது பயிர்க்கடன் வாங்கியவர்களுக்குக் காப்பீடு கட்டாயம். சொசைட்டியிலேயே பிரீமியத்தைப் பிடித்துக்கொள்வார்கள். அந்த எண்ணிக்கையில் பயந்து கட்டியவரும் உண்டு, தானாகப் பிடித்தம் ஆனவரும் உண்டு. பிரித்துப் பார்க்க வழி கிடையாது.

புட் ஓ.ஐ-யிலும் அச்சு அசலாக இதே கதை. கையில் கோடிக்கணக்கில் பங்கு வைத்திருக்கும் நிறுவனம் பாதுகாப்புக்கு வாங்கிய புட் அதில் இருக்கும். அவருக்குச் சந்தை மேல் பயமே கிடையாது. நம்பிக்கை இருப்பதால்தான் பங்கை விற்காமல் வைத்திருக்கிறார். ஆப்ஷன் விற்பவர்கள் ரொம்பத் தூரத்து ஸ்ட்ரைக்கில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க்கு வாங்கிப் போடும் புட் இருக்கும். அப்படி ஒரு கவசம் வாங்கி வைத்தால் கட்ட வேண்டிய மார்ஜின் குறையும், 2020 ஜூன் முதல் நம் நாட்டு விதி அப்படி. அது பயமும் இல்லை, நம்பிக்கையும் இல்லை, டெபாசிட் தொகையைக் குறைக்கும் ஏற்பாடு. சொசைட்டியில் பிடித்தம் ஆன பிரீமியம் மாதிரி. இதையெல்லாம் கூட்டி, வகுத்து, இரண்டு தசமத்துக்குத் துல்லியமாக "இன்றைய மனநிலை 0.87" என்று சொன்னால், அந்த இரண்டு தசமத்தைப் பார்த்து மயங்கக் கூடாது.

"யார் வைத்திருக்கிறார்கள் என்றுதான் என்.எஸ்.இ-யே தினமும் வெளியிடுதே" என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். உண்மை. சாயங்காலம் ஒரு பட்டியல் வருகிறது. கிளையன்ட், உள்நாட்டு நிறுவனங்கள், வெளிநாட்டு நிறுவனங்கள், புரோ அதாவது தரகு நிறுவனங்களின் சொந்தக் கணக்கு, என்று நாலு வகை. "எஃப்.ஐ.ஐ இவ்வளவு ஷார்ட்" என்று இரவு எட்டு மணிக்கு வரும் வீடியோக்களுக்கு இதுதான் மூலம்.

கொரோனா காலத்தில் கிட் தட்டுப்பாடு இருந்தபோது ஐந்து பேர் சளி மாதிரியை ஒரே குழாயில் கலந்து பரிசோதிக்க ஐ.சி.எம்.ஆர் அனுமதித்தது. கலவை பாசிட்டிவ் என்றால் ஐந்தையும் தனித்தனியாகத் திரும்பப் பரிசோதிக்க வேண்டும், இல்லையென்றால் யாருக்கு என்று தெரியாது. இந்த நாலு வகைப் பட்டியல், நாலு பெரிய குழாய். திரும்பப் பிரித்துப் பார்க்கும் வசதி உங்களுக்கும் எனக்கும் கிடையாது. செபிக்கு உண்டு. செபி ஒரு தடவை பிரித்துப் பார்த்தது. என்ன கிடைத்தது என்று பார்ப்போம்.

2024 ஜனவரி 17, புதன்கிழமை. பேங்க் நிஃப்டி வாராந்திர எக்ஸ்பைரி. முந்தின நாள் மாலை எச்.டி.எஃப்.சி வங்கியின் காலாண்டு முடிவு வந்து சந்தைக்குப் பிடிக்கவில்லை. 48,125-ல் முடிந்திருந்த பேங்க் நிஃப்டி காலையில் 46,574-ல் திறந்தது. பெரிய அடி. அப்புறம் மெல்ல மேலே ஏறியது. கால் விலை ஏறுகிறது, புட் விலை மலிகிறது. திரையைப் பார்த்தவர்களுக்கு "பவுன்ஸ் வருது, மூடு மாறுது" என்று தோன்றியிருக்கும். தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

2025 ஜூலை 3-ல் செபி வெளியிட்ட இடைக்கால ஆணை அந்தக் காலைப் பொழுதைப் பிரித்து வைக்கிறது. ஜேன் ஸ்ட்ரீட் என்ற அமெரிக்க நிறுவனக் குழுமம் காலையில் சுமார் 4,370 கோடி ரூபாய்க்கு வங்கிப் பங்குகளையும் ஃபியூச்சரையும் வாங்கியது. அதே நேரத்தில் ஆப்ஷனில், சந்தை விழுந்தால் லாபம் வரும்படி, கால்களை விற்றுப் புட்களை வாங்கியது. அந்த எதிர்ப் பந்தயத்தின் அளவு சுமார் 32,115 கோடிக்குச் சமம். ஏழு மடங்குக்கும் மேல். மதியத்துக்குப் பிறகு காலையில் வாங்கியதையெல்லாம் விற்றது. குறியீடு விழுந்தது. பங்கிலும் ஃபியூச்சரிலும் சுமார் 61 கோடி நஷ்டம். ஆப்ஷனில் சுமார் 735 கோடி லாபம். ஒரே நாளில். இது செபியின் குற்றச்சாட்டு. ஜேன் ஸ்ட்ரீட் மறுக்கிறது, வழக்கமான ஆர்பிட்ரேஜ்தான் செய்தோம் என்கிறது, தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீட்டுக்கும் போனது. செபி முடக்கச் சொன்ன தொகை 4,843 கோடி.

குற்றமா இல்லையா என்பதைத் தீர்ப்பாயம் பார்த்துக்கொள்ளட்டும். என் கேள்வி அதைவிடச் சின்னது. அன்று காலை திரையில் தெரிந்தது யாருடைய மனநிலை? நீங்கள் கூட்டத்தின் நாடியைப் பிடித்துப் பார்ப்பதாக நினைத்தீர்கள். பிடித்தது ஒரே ஆளின் கை. அவர் காட்ட விரும்பிய துடிப்பு உங்களுக்குத் தெரிந்தது என்கிறது செபி. இல்லை, வேண்டுமென்றே காட்டவில்லை, எங்கள் வியாபாரத்தின் விளைவு அது என்கிறது நிறுவனம். எந்தப் பக்கம் உண்மை என்றாலும் உங்கள் 'கூட்டத்தின் மனசு' அங்கே இல்லை.

இன்னொன்று. அந்த நாலு குழாய் ஞாபகம் இருக்கா? அந்தக் குழுமம் வெளிநாட்டு நிறுவனங்கள் வழியாகவும் வணிகம் செய்தது, இந்தியாவில் பதிவு செய்த ஜே.எஸ்.ஐ இன்வெஸ்ட்மென்ட்ஸ் வழியாகவும் செய்தது. ஒரே முதலாளி, வேறு வேறு குழாய். "எஃப்.ஐ.ஐ ஒரு பக்கம், உள்ளூர்க்காரன் ஒரு பக்கம், யார் ஜெயிப்பாங்க பார்ப்போம்" என்று இரவு வீடியோவில் மல்யுத்த வர்ணனை கொடுப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இதைச் செய்ய முடிந்ததற்குக் காரணமும் அதே ஆணையில் இருக்கிறது. அன்று பேங்க் நிஃப்டி ஆப்ஷனின் வணிக அளவு, அதன் அடியில் இருக்கும் வங்கிப் பங்குகளின் ரொக்கச் சந்தை வணிகத்தைப் போல் 353 மடங்கு. நாயை விட வால் 353 மடங்கு பெரிது. அப்படிப்பட்ட நாயை எந்தப் பக்கம் இழுக்க எவ்வளவு செலவாகும் என்று பணம் உள்ளவர்களுக்குத் தெரியும்.

விக்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாலில் இது ஒன்றுதான் கொஞ்சம் மரியாதையான கருவி. நிஃப்டி ஆப்ஷன் விலைகளிலிருந்து, அடுத்த 30 நாளில் சந்தை எவ்வளவு ஆடும் என்று எதிர்பார்ப்பு இருக்கிறது எனக் கணக்கிடுவது. எந்தப் பக்கம் என்று அது சொல்வதில்லை. சொல்வதாக அதைக் கண்டுபிடித்தவர்களும் சொன்னதில்லை. நம்ம ஊரில் அதற்குப் 'பயமானி' என்று பெயர் வைத்துவிட்டு, பயம் குறைந்தால் ஏறும், கூடினால் இறங்கும் என்று பாடம் நடத்துகிறார்கள்.

2024 தேர்தல் சமயத்தில் இந்தப் பயமானி என்ன காட்டியது? ஏப்ரல் 23-ல் ஒரே நாளில் சுமார் 20 சதவீதம் விழுந்து 10-க்குப் பக்கத்தில் நின்றது. கவலையே இல்லை. மே முழுக்க ஏறியது. ஜூன் 1 சனிக்கிழமை கருத்துக் கணிப்புகள் வந்தன. திங்கட்கிழமை ஜூன் 3-ல் நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் ஏறி 23,263-ல் உச்சத்தில் முடிந்தது, பயமானி சர்ரென்று இறங்கியது. அடுத்த நாள் ஜூன் 4, வாக்கு எண்ணிக்கை. நிஃப்டி கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்து 21,884. பயமானி இப்போது 30-ஐத் தாண்டி அலறியது. சரி, பயந்து ஓடலாமா? ஜூன் 7 வெள்ளிக்கிழமை நிஃப்டி 23,290. புது உச்சம். பயமில்லை என்று காட்டிய மறுநாள் வீழ்ச்சி, பயம் என்று காட்டிய மூன்றாம் நாள் உச்சம்.

"அதான் சார், விக்ஸ் உச்சத்துல இருக்கும்போது எதிர்ப்பக்கம் வாங்கணும்" என்பார்கள். 2020 மார்ச் 24-ல் விக்ஸ் 80-ஐத் தாண்டியது, அன்றுதான் நிஃப்டி 7,511 என்ற அடிமட்டத்தைத் தொட்டது, பதினோரு மாதத்தில் 15,000. அழகான உதாரணம், எல்லா வகுப்பிலும் காட்டுவார்கள். காட்டாதது இது: மார்ச் 12-லேயே விக்ஸ் 40-ஐத் தாண்டி பல ஆண்டு காணாத உயரத்தில்தான் இருந்தது. அன்று 9,590-ல் தைரியமாக வாங்கியவர் ஏழே வர்த்தக நாளில் 7,610-ஐப் பார்த்தார். 40 உச்சமா, 80 உச்சமா என்பது உச்சம் முடிந்த பிறகுதான் தெரியும். பிரேதப் பரிசோதனை மேஜையில் எல்லா டாக்டரும் கெட்டிக்காரர்தான்.

இதெல்லாம் தெரிந்தும் ஏன் இந்தத் திரை இவ்வளவு பிரபலம்? விற்கிறவர்களுக்கு லாபம் என்பதால். செபியின் 2024 செப்டம்பர் அறிக்கையை ஒவ்வொரு பெற்றோரும் படிக்க வேண்டும். 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். நஷ்டப்பட்டவர்கள் 93 சதவீதம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி. செலவெல்லாம் போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் 1 சதவீதம். இந்த மூன்று வருஷத்தில் தரகு, எக்ஸ்சேஞ்ச் கட்டணம், வரி என்று மக்கள் கட்டியது மட்டும் சுமார் 50,000 கோடி. நோயாளி பிழைத்தாலும் போனாலும் படுக்கை வாடகை வந்துகொண்டே இருக்கும் ஏற்பாடு.

எதிர்ப்பக்கம் யார்? அதே அறிக்கை: 2023-24-ல் மட்டும் தரகு நிறுவனங்களின் சொந்தக் கணக்குக்கு 33,000 கோடி, வெளிநாட்டு நிறுவனங்களுக்கு 28,000 கோடி லாபம், செலவு கழிக்காமல். அந்த லாபத்தில் 96, 97 சதவீதம் கணினி அல்காரிதம் வழியாக வந்தது. அதாவது நீங்கள் ஓ.ஐ திரையை மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை ரிஃப்ரெஷ் செய்து பார்க்கும் தகவலை, கண் சிமிட்டும் நேரத்துக்குள் படித்து ஆர்டர் போட்டு முடித்த இயந்திரம்தான் எதிரில் உட்கார்ந்திருக்கிறது.

இன்னும் இரண்டு எண், நம்மைப் பற்றியது. இந்தத் தனிநபர்களில் 72 சதவீதம் பேர் நாட்டின் முதல் 30 நகரங்களுக்கு வெளியே இருப்பவர்கள். அதாவது பட்டுக்கோட்டை, பேராவூரணி, மன்னார்குடி மாதிரி ஊர்கள். 75 சதவீதத்துக்கும் மேல் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குக் கீழே என்று பதிவு செய்தவர்கள். மும்பைக்காரர் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

விதிகள் இறுகிய பிறகு நிலைமை மாறியதா என்றால், 2024-25-ல் தனிநபர் நஷ்டம் ஒரே ஆண்டில் 1,05,603 கோடி. 91 சதவீதம் பேருக்கு நஷ்டம். 2024 நவம்பரில் பேங்க் நிஃப்டி வாராந்திர ஒப்பந்தம் நின்றது, லாட் அளவு பெரிதானது, ஆட்கள் குறைந்தார்கள். இதெல்லாம் நல்லதுதான், தாமதமான நல்லது. ஆனால் வாரம் ஒரு எக்ஸ்பைரி என்ற சூதாட்டக் கடிகாரத்தை ஏன் இன்னும் ஓடவிடுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. எந்த விவசாயிக்கு, எந்தத் தொழிற்சாலைக்கு, எந்த ஓய்வூதிய நிதிக்கு ஏழு நாள் காப்பீடு தேவைப்படுகிறது?

"93 சதவீதம் பேர் டேட்டா படிக்கத் தெரியாமல் தோற்கிறார்கள், அதனால்தான் நாங்கள் சொல்லித் தருகிறோம்" என்று சேனல்காரர்கள் சொல்வார்கள். ஒரு மருந்தைச் சாப்பிட்ட நூறு பேரில் 93 பேருக்கு உடம்பு மோசமானால், பாட்டில் மேல் இருக்கிற லேபிளைச் சரியாகப் படிக்கவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மருந்தைக் கடையிலிருந்து எடுப்பார்கள். சொல்லித் தருகிறவர்களின் கணக்கையும் செபி ஒரு தடவை திறந்து பார்த்திருக்கிறது. 'பாப் ஆஃப் சார்ட்' என்ற பெயரில் வகுப்பு நடத்தியவர் மீது 2023 அக்டோபரில் வந்த ஆணை. மாணவர்களிடம் வசூலித்த 17 கோடிக்கும் மேல் முடக்கச் சொன்னார்கள். லாபம் லாபம் என்று காட்டிக்கொண்டிருந்தவர் இரண்டரை ஆண்டில் தன் சொந்தக் கணக்கில் பார்த்த நிகர நஷ்டம் 2.89 கோடி என்கிறது ஆணை. பாடம் நடத்தித்தான் பிழைப்பு ஓடியிருக்கிறது. 2025 ஜனவரியில் செபி போட்ட விதிப்படி, பங்குச்சந்தைக் கல்வி என்ற பெயரில் நடத்துபவர் கடைசி மூன்று மாத விலையைக் காட்டிப் பேசக் கூடாது. இன்று காலை உங்கள் போனில் 'கல்வி நோக்கத்துக்காக மட்டும்' என்று ஓடிய நேரலையில் எந்த மாத விலை காட்டினார்கள் என்று பாருங்கள்.

டிகிரி இல்லாமல் ஊசி போடுபவரைப் போலி மருத்துவர் என்று போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது, செய்தித்தாளில் படம் வருகிறது. இவர்களுக்கு சப்ஸ்கிரைபர் கூடுகிறார்கள்.

என் கிளினிக்கில் பார்ப்பதைச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றி. டிப்ளமோ படித்த பையன், கஜாவில் தோப்பு போன வீடு. படபடப்பு, தூக்கம் இல்லை, வயிற்றெரிச்சல். இ.சி.ஜி நார்மல், தைராய்டு நார்மல். கூட வந்த அம்மா, "ராத்திரியெல்லாம் போனையே பார்க்குறான் டாக்டர், செவ்வாக்கிழமைன்னா சோறு இறங்க மாட்டேங்குது" என்றார். அவர் லவ் விவகாரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டேன். கஜாவுக்குப் பிறகு வைத்த தென்னங்கன்று காய்ப்புக்கு வந்து, முதல் நல்ல வெட்டில் கிடைத்த பணம். அது போய், அம்மாவின் நகை. மொத்தம் மூன்று லட்சத்து எழுபதாயிரம். அவன் சொன்ன வார்த்தை: "டேட்டா கரெக்டாதான் சார் இருந்துச்சு. நான்தான் எக்ஸிட் பண்ணத் தெரியாம விட்டுட்டேன்."

இந்த வாக்கியம்தான் எனக்கு அவன் நாடித்துடிப்பை விடப் பயம் தந்தது. தோற்றாலும் கருவியின் மேல் சந்தேகம் வராது, தன் மேல் மட்டும்தான் வரும். அப்புறம் 'இன்னும் நல்லாக் கத்துக்கிட்டா' என்று அடுத்த கோர்ஸ். செபி அறிக்கையில் தொடர்ந்து நஷ்டப்பட்டும் விளையாட்டைத் தொடர்ந்தவர்கள் 75 சதவீதத்துக்கும் மேல் என்று இருக்கிறது. அந்த எண்ணுக்குள் இந்தப் பையன் இருக்கிறான்.

சக மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம்ம வாட்ஸ்அப் குழுக்களில் ஓ.பி முடிந்து ஒரு மணிக்கெல்லாம் ஆப்ஷன் செயின் படம் வருகிறது. ஒரு மருந்துக் கம்பெனி பிரதிநிதி இவ்வளவு மோசமான ஆதாரத்தோடு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்போம். நம் கையில் பணம் இருக்கிறது, நஷ்டத்தைத் தாங்குவோம். ஆனால் "டாக்டரே பண்றார்" என்று கம்பவுண்டர் தம்பி பார்க்கிறான்.

யாரும் பங்குச்சந்தை பக்கமே போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. மாதம் ஐந்நூறு ரூபாய் போட்டுப் பத்து வருஷம் காத்திருப்பவர்களுக்கு இந்த இழையில் வேலையே இல்லை. ஆப்ஷனில் இருப்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் புரோக்கர் ஆப்பில் வரிக் கணக்குக்கான லாப நஷ்ட அறிக்கை என்று ஒன்று இருக்கும். மூன்று வருஷத்துக்கும் இறக்குங்கள். கட்டணங்கள் கழித்த பிறகு கடைசி வரியில் இருக்கும் எண்ணை ஒரு தாளில் எழுதி, வீட்டில் யாராவது ஒருவரிடம் காட்டுங்கள். மனைவியோ, அம்மாவோ, அண்ணனோ. லாபம் இருந்தால் கீழே கமெண்டில் போடுங்கள், நானே வாழ்த்துகிறேன்.

காட்ட முடியாத அளவு பெரிய எண் என்றால், இரவில் தவறான எண்ணம் வருகிறது என்றால், 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ், அரசின் இலவசச் சேவை, தமிழில் பேசலாம், எந்த நேரமும். 104-க்கும் அழைக்கலாம். கடனுக்கு வழி உண்டு. முதலில் யாரிடமாவது வாயைத் திறந்து சொல்லுங்கள்.

டெல்டாவில் ஓ.பி பார்க்கும் மருத்துவர்கள், இருபதுகளில் இருக்கும் பையன்கள் படபடப்பு, தூக்கமின்மை என்று வந்தால் சிகரெட், காபி, தைராய்டு கேட்பதோடு "செவ்வாய்க்கிழமை அதிகமாகுதா?" என்றும் கேளுங்கள். நான் கேட்க ஆரம்பித்துவிட்டேன். பாதிப் பேர் தலையைக் குனிகிறார்கள்.

பொது மருத்துவர்,
பட்டுக்கோட்டை